வக்கா எந்த மீனைத் தின்றது?

திருத்தணியில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை, சத்திரத்தை விட்டு வெளியேற்றப்பட்டதுதான். வந்து இறங்கி ஒரு வாய் காப்பிகூடக் குடித்திருக்கவில்லை. பெட்டியைத் திறந்து என் போத்தல்களைச் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டு, ரயில் கரி போக முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது சத்திரத்து மணியக்காரர் ஒரு போத்தலின் மூடியைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஸ்பிரிட்டில் எங்கள் வன்னிக் குளத்து மீன் ஒன்று மிதந்தது.

மலைமேல் முருகன், அடிவாரத்தில் மார்கழி பஜனை. மாவட்டத்தில் மதுவிலக்கு. நடுவே யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்து இறங்கிய ஒரு பெண், அவள் பெட்டியில் சாராய வாடை அடிக்கும் மீன். அந்த மனிதரை நான் குறை சொல்லமாட்டேன். மீன் பெரிய பாவமா சாராயம் பெரிய பாவமா என்று தீர்மானிக்க முடியாமல் இரண்டுக்கும் சேர்த்து என்னை வெளியே போகச் சொன்னார். இது குடிப்பதற்கல்ல, பாடம் நடத்துவதற்கு என்றேன். அப்படிப்பட்ட பாடத்தைப் படிக்கிற பிள்ளைகளை நினைத்து அவர் வருத்தப்பட்டதாகத் தோன்றியது.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பிக்கிறேன். உலக யுத்தம் முடிந்து கப்பல் ரயில் எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்த பிறகு, மார்கழி விடுமுறையில் இந்தப் பயணத்துக்குக் கிளம்பினேன். காரணம் ஒரு புழு. வன்னிக் குளங்களில் பிடிக்கும் மீனின் சதைக்குள் கொஞ்ச காலமாக மஞ்சள் மணிகள் காணப்பட்டன. ஒவ்வொன்றும் சோள மணி அளவு இருக்கும். மீனுக்கு அம்மை கண்டுவிட்டது என்று ஊரில் கதை பரவியது. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் செல்லம்மாவின் பனையோலைக் கடகம் காலையில் நிறைந்தது நிறைந்தபடி மத்தியானம் திரும்பிப் போனது. இது அம்மையல்ல, ஒரு புழுவின் குஞ்சு, அடுப்பில் வெந்தால் செத்துப்போகும் என்று வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தேன். குஞ்சு என்றால் தாய் எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. தாய் மீனில் இராது. அந்த மீனைத் தின்னும் கொக்கின் தொண்டையில் இருக்கும் என்று புத்தகம் சொன்னது. எங்கள் பக்கத்துக் கொக்குகள் கடலோரக் கண்டல் காட்டுக்குள், இடுப்பளவு சேற்றுக்கு அப்பால் கூடு கட்டுகின்றன. சென்னையில் என்னோடு படித்த ஒருத்தி, திருத்தணி ஏரிக்கரைப் புளியமரங்களில் வக்காக் கொக்குகள் கிட்டத்தட்டக் கைக்கெட்டும் உயரத்தில் குஞ்சு பொரிக்கின்றன என்று சொல்லியிருந்தாள். அது போதும் எனக்கு. எங்கள் வீட்டில் என்னைப் பிடிவாதக்காரி என்பார்கள். பாராட்டாகவே எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

சத்திர வாசலில் நின்ற குதிரை வண்டிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மீன் தின்கிற வீடாகப் பார்த்துக் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். அவருடைய குதிரை ஒவ்வொரு டீக்கடை வாசலிலும் தானாக நின்றது. நிற்கும் இடத்தில் எல்லாம் அவரும் இறங்கி, என்னைப் பற்றிய செய்தியை ஒலிபரப்பிவிட்டு வந்தார். ஏரிக்கரை போய்ச் சேர்வதற்குள் ஊரில் பாதிக்கு என் போத்தல்கள் தெரிந்துவிட்டன.

ராஜம்மாவின் வீடு ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. புளியமரங்களும் அவர்களுடையவைதான். கணவர் முனுசாமி புளி உலுக்குகிறவர். புளி மூட்டை அடுக்கும் அறையில் ஒரு மூலையை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். போத்தலைப் பார்த்து ராஜம்மா முகம் சுளிக்கவில்லை. மீனை உற்றுப் பார்த்து, இதைவிடப் பெரிதாக உங்கள் ஊரில் கிடையாதா என்று கேட்டாள். எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது.

முதல் சாப்பாடு கேழ்வரகுக் களியும் மீன் குழம்பும். எங்கள் ஊரில் மீன் குழம்பு என்றால் தேங்காய்ப்பால் இல்லாமல் முடியாது. இங்கே தேங்காயின் பேச்சே இல்லை. புதுப்புளியும் மிளகாயும் பூண்டும் சேர்ந்து மண்டையில் ஏறின. களியை மெல்லக்கூடாது, விழுங்க வேண்டும் என்று முனுசாமி சொல்லிக் கொடுத்தார். முதல் உருண்டை பாதி வழியில் நின்று யோசித்தது. மீன் துண்டு கையகலம். பழக்கதோஷத்தால் அதைப் பிட்டு, சதைக்குள் மஞ்சள் மணி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. மீன் எங்கே பிடித்தது என்று கேட்டேன். வாய்க்கால் மீன் என்றாள் ராஜம்மா. மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் மரங்களுக்குக் கீழே போய் நின்றேன். கிளைக்குக் கிளை கூடு. வக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கொக்கு ஜாதிதான், ஆனால் குட்டைக் கழுத்து, கறுத்த முதுகு, சிவந்த கண். பகலெல்லாம் பென்ஷன் வாங்கிய குமாஸ்தா மாதிரி தோளுக்குள் தலையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பொழுது சாய்ந்ததும் வக் வக்கென்று கத்திக்கொண்டு இரை தேடக் கிளம்பும். விடியும்போதுதான் திரும்பும். இருட்டில் எங்கே போய் என்ன தின்கிறது என்று கண்ணால் கண்டவர் இல்லை. அதனாலேயே அதன்மேல் எந்தப் பழியையும் போடலாம்.

அப்படிப் பழி போட்டிருந்தார் காதர் பாய். அரக்கோணத்து வியாபாரி, அந்த ஏரியின் மீனை ஏலத்தில் எடுத்தவர். அன்று காலையில் சைக்கிளில் வந்து, மரங்களைப் பார்த்தபடி நின்றார். ஒல்லியான மனிதர், வெள்ளைத் தொப்பி, அடங்கிய குரல். மழைக்குப் பிறகு நல்ல கெண்டைக் குஞ்சுகளாகப் பார்த்து வாங்கி விட்டாராம். நன்றாகத்தான் வளர்ந்தனவாம். இப்போது வலை இழுத்தால் பாதிகூட இல்லை. பொங்கலுக்கு முன் மீன் விற்றால்தான் அந்த வருஷம் அவர் வீட்டில் அடுப்பு எரியும். அரக்கோணத்திலிருந்து துப்பாக்கிக்காரர் இருவரை அமர்த்தியிருந்தார். சனிக்கிழமை வந்து சுடுவார்கள். பெரியவற்றைச் சுட்டுவிட்டால் குஞ்சுகள் தாமாகவே செத்துப்போகும்.

கூட்டில் அந்த நேரம் குஞ்சுகள் கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தன. அவை உங்கள் மீனைத் தின்கின்றன என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஏரிக்கு மேலேயே உட்கார்ந்திருக்கின்றனவே, வேறே எங்கே போகும் என்றார் அவர். முனுசாமி ஓடிவந்து ஆமாம் போட்டார்.

“ஆங், நான் பார்த்துகினே கீறேன் பாய். எல்லாம் இந்த வக்கா தான் துன்னுது.”

பொழுது சாய்ந்தால் அவை வயல் பக்கமாகத்தான் பறக்கின்றன என்று நேற்று நானே பார்த்ததைச் சொன்னேன். சுற்றிக்கொண்டு வரும் என்றார் பாய். சண்டை போடுகிற குரல் இல்லை அது. நஷ்டப்பட்ட மனிதரின் குரல். அதனால்தான் அவரோடு பேச முடிந்தது. எனக்குச் சனிக்கிழமை வரை தவணை கொடுங்கள், அவை எங்கே தின்கின்றன என்று நான் காட்டுகிறேன் என்றேன்.

“காட்டுனா சுடல, டீச்சர். ஆனா கண்ணுல காட்டணும். வாயில சொன்னா ஆவாது.”

புழுவைத் தேடி வந்தவளுக்கு எதற்கு இந்த வம்பு என்று நீங்கள் கேட்கலாம். ஊர் திரும்பியதும் என் தங்கையும் அதையேதான் கேட்டாள். என் தேவைக்கு ஒரே ஒரு குஞ்சின் தொண்டை போதும். பார்த்துவிட்டு ரயில் ஏறியிருக்கலாம். ஆனால் ஒருவர் தொண்டைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அவரைச் சாக விட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

புதன்கிழமை முனுசாமி மரத்தில் ஏறினார். ஒவ்வொரு குஞ்சாகக் கூடையில் வைத்துக் கயிற்றில் இறக்குவார். நான் அதை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்து வாயைத் திறப்பேன். ராஜம்மா முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி அதன் தொண்டைக்குள் அடிப்பாள். பார்த்தானதும் குஞ்சு மறுபடி கூடு போய்ச் சேரும். வக்காக் குஞ்சுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு: பயந்தால் உள்ளே இருப்பதையெல்லாம் உங்கள் மேல் கக்கும். என் சேலை அன்றைக்கே குடும்பத்திலிருந்து விலக்கப்பட்டது. கக்கியதைக் கிளறிப் பார்த்தேன். பாதி செரித்த மீன் கூழ். கூழைப் பார்த்து அது ஏரி மீனா வாய்க்கால் மீனா என்று யாராலும் சொல்ல முடியாது. பாய் தம் மீன் என்பார். இல்லை என்று மறுக்க என்னிடம் ஆதாரம் கிடையாது.

நாலைந்து குஞ்சுகள் ஒன்றும் காட்டவில்லை. கண்ணாடி பிடித்த கை வலிக்கிறது என்று ராஜம்மா முனகினாள். அடுத்த குஞ்சின் வாயைத் திறந்ததும் அவளே தலையைக் கிட்டே கொண்டுவந்தாள்.

“உள்ள அட்டை மாதிரி இன்னாவோ ஒட்டிகினு கீது பாரும்மா.”

இடுக்கியால் மெல்ல எடுத்துத் தண்ணீரில் விட்டேன். வெள்ளரி விதை அளவு. பழுத்த மஞ்சளில் கொஞ்சம் சிவப்பு கலந்த நிறம். நீண்டது, சுருங்கியது, திரும்பவும் நீண்டது. எத்தனையோ தடவை மீனுக்குள் குஞ்சாகப் பார்த்த முகம், இப்போது பெரியவளாக என் எதிரே நெளிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புழுவைப் பார்த்து அழுத பெண் என்று அந்த ஊரில் இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தப் புழு இப்போது எங்கள் பள்ளிக்கூட அலமாரியில் இருக்கிறது. செல்லம்மா வந்து பார்த்தாள், தன்னிடம் மீன் வாங்குகிறவர்களையும் கூட்டி வந்து காட்டினாள். அவள் கடகம் இப்போது பத்து மணிக்கே காலியாகிவிடுகிறது.

வந்த வேலை அன்றே முடிந்தது. அடுத்த வேலைதான் மீதி. மரத்தடியில் உட்கார்ந்து அவர்கள் இருவருக்கும் விளக்கினேன். இந்தப் புழு வக்காவுக்குள் தானாக வராது. மஞ்சள் மணி உள்ள மீனைத் தின்றால்தான் வரும். ஏரி மீனை அறுத்துப் பார்த்து மணி இருந்தால் வக்கா குற்றவாளி. ஏரி மீனில் இல்லாமல் வேறு தண்ணீர் மீனில் இருந்தால், வக்கா இரை தேடுவது அங்கேதான். ராஜம்மா கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். முனுசாமி கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார். பாவம், மரம் ஏறி இறங்கிய களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வயல் வாய்க்காலில் மீன் பிடிக்க எனக்குக் கண் நெருங்கிய வலை வேண்டியிருந்தது. ஊரில் இருந்ததெல்லாம் பெரிய மீனுக்கான வலை. வியாழக்கிழமை பொதட்டூர்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். நெசவு ஊர், ஏதாவது மெல்லிய துணி கிடைத்தால் வளையத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று எண்ணம். அந்தப் பஸ் பெட்ரோலில் ஓடவில்லை. சண்டைக் காலத்துக் கரி வண்டி, பின்பக்கம் ஒரு கொதிகலனைக் கட்டிக்கொண்டு இருமியபடி போனது. சின்ன மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தில் நாங்கள் வண்டியில் போவதற்குத்தான் காசு கொடுப்போம். இங்கே தள்ளுவதற்கும் கொடுத்தோம்.

தள்ளும்போது என் பக்கத்தில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். சென்னையில் படித்த காலத்தில் கொஞ்சம் தெலுங்கு எனக்குக் காதில் விழுந்து பழகியிருந்தது. இவள்தான் அந்தப் போத்தல்காரி, மீன் பிடிக்கத் துணி வாங்கப் போகிறாளாம் என்றாள் ஒருத்தி. நமக்கே கட்டத் துணி இல்லை, இவள் ஊரில் மீன்கூடச் சேலை கட்டும்போல என்றாள் மற்றவள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தெலுங்கு தெரியும் என்று கண்டுகொண்டதும் அவர்களே என்னைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

அவர்கள் வீட்டில் தறி பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. நூல் கட்டுப்பாட்டுக் காலம். ஒரு முழம் துணியும் கணக்கில் வந்தாக வேண்டும். எனக்கு இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு மூலையிலிருந்து ஒரு துண்டை வெட்கத்தோடு எடுத்து நீட்டினார்கள். புதிதாகத் தறியில் உட்கார்ந்த மருமகள் நெய்து கெடுத்தது. இழை நெருங்காமல் கொசுவலை மாதிரி கிடந்தது. யாரிடமும் காட்ட முடியாமல் ஒளித்து வைத்திருந்தார்களாம். அதைவிட நல்ல வலையை நான் கேட்டிருந்தாலும் யாரும் நெய்து கொடுத்திருக்க முடியாது. மருமகளைக் கூப்பிட்டு, நீ நெய்தது பிரமாதம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினேன். பனியில் தண்ணீர் எலும்பைத் தொட்டது. பாசி மண்டிய வாய்க்கால். பாசியைத் தூக்கினால் அடியில் கொத்துக் கொத்தாக நத்தை; இந்தப் புழு மீனுக்கு வருவதே நத்தை வழியாகத்தான். மருமகளின் துணியால் அரித்ததில் சின்னஞ்சிறு மீன்கள் துள்ளின. என் விரல் நீளத்துக்கு மேல் ஒன்றுகூட இல்லை. கரையில் உட்கார்ந்து அறுத்தேன். இரண்டாவது மீனிலேயே செவுளுக்குப் பக்கத்தில் மஞ்சள் மணி. அப்புறம் பார்த்த மீனில் பாதிக்குமேல் அதே கதை. வரப்பில் வக்காவின் காலடித் தடம், சேற்றில் அச்சு அச்சாக. நான் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். உழுதுகொண்டிருந்தவர் மாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அங்கிருந்து நேரே ஏரிக்குப் போனேன். பாயின் வலைக்காரர்கள் எனக்கென்று ஒரு கூடை மீன் பிடித்துத் தந்தார்கள். வலை இழுக்க வசதியாக ஏரியின் பாசியை அவர்கள் முன்பே வாரிக் கரையில் போட்டிருந்தார்கள். ஆழமான, வெறும் தண்ணீர். கரையைச் சுற்றி வந்தேன், ஒரு நத்தை இல்லை. கூடையில் இருந்த ஒவ்வொரு மீனையும் தலை முதல் வால் வரை பிளந்து பார்த்தேன். ஒரு மணி கிடையாது. வக்கா ஜெயித்துவிட்டது. கை முழுக்கச் செதிளும் நாற்றமுமாக, பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளைபோல வீட்டுக்கு நடந்தேன்.

ராஜம்மா சோறு போட்டாள். குழம்பை ஊற்றி, ஒரு துண்டு மீனையும் வைத்தாள். வழக்கம்போலப் பிட்டுப் பார்த்தேன். மணி இல்லை. வழக்கம்போல வாயில் வைக்கப் போனேன். அப்போதுதான் கை நின்றது. வாய்க்கால் மீன் என்று ராஜம்மா சொன்ன அந்தத் துண்டின் நடுமுள் என் சுண்டுவிரல் பருமன். காலை முழுக்க வாய்க்காலில் நின்று வந்திருக்கிறேன்; அங்கே முழு மீனே விரல் நீளம். அதிலும் பாதிக்குமேல் மஞ்சள். திங்கட்கிழமையிலிருந்து நான் தின்ற ஒரு துண்டிலாவது மஞ்சள் இருந்ததா?

நிமிர்ந்து பார்த்தேன். ராஜம்மா கரண்டியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

“தெரிஞ்சிபோச்சா,” என்றாள். கரண்டியைச் சட்டியில் வைத்தாள். “ஏரி எங்களுதும்மா. கோடையில தண்ணி வத்துனா ஊரே எறங்கிப் புடிப்போம். இப்ப ஏலம்னு சொல்லி ஒருத்தருக்குக் குட்த்துட்டாங்க. ரேஷன் அரிசியில பாதி கல்லு. இன்னா பண்றது? வக்கா துன்னுச்சுன்னு சொன்னா யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க.”

எனக்கு வந்த கோபத்தில் முதல் பங்கு அவளுக்கு. புதன்கிழமை முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி பிடித்தவள் இவள். இரண்டாவது பங்கு எனக்கே. பறவையின் தொண்டைக்குள் புகுந்து அது என்ன தின்றது என்று துப்புத் துலக்கியவள், தன் தட்டில் இருப்பது என்ன என்று கேட்கவில்லை. ஆனாலும் சோற்றை வீணாக்குவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. கோபத்தோடேயே சாப்பிட்டு முடித்தேன்.

கை கழுவ எழுந்தபோது அவள் மெல்லச் சொன்னாள். “கொக்கக் காப்பாத்துங்க, வேணான்னு சொல்லல. எங்கள மாட்டிவுட்றாதீங்க.”

அன்று பிற்பகல் மலை ஏறினேன். காவடிக்காரர்கள் அரோகரா போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். வேண்டுதலுக்கு உப்பும் மிளகும் கொட்டியிருந்த இடத்தில் கால் எரிந்தது. எங்கள் நல்லூரில் முருகனைப் பார்க்கத் தரையில் நடந்தால் போதும். இங்கே மூச்சு வாங்கினால்தான் தரிசனம். மேலே போய் நின்று கீழே பார்த்தேன். ஏரி ஒரு பக்கம் பளபளத்தது. புளியமரங்களில் வெள்ளை எச்சம் தெரிந்தது. அதற்கப்பால் வயலும் வாய்க்காலும். வக்கா தின்னவில்லை என்று சொல்லாவிட்டால் குஞ்சுகள் சாகும். சொன்னால் அடுத்த கேள்வி ராஜம்மாவின் வீட்டு வாசலில் வந்து நிற்கும். பொய் சொல்ல எனக்கு வராது. சொன்னாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். என்ன சொல்வது என்று இறங்கி வரும்வரை பிடிபடவில்லை. அந்தப் பறவைகளைச் சுட விடமாட்டேன் என்பது மட்டும் உறுதியாயிற்று.

சனிக்கிழமை விடிந்ததும் காதர் பாய் வந்துவிட்டார். துப்பாக்கிக்காரர் இருவரும் கூட வந்து மரத்தடியில் துப்பாக்கியைச் சாய்த்து வைத்தார்கள். வேடிக்கை பார்க்க ஊரும் வந்திருந்தது. ஏரி, வாய்க்கால் இரண்டிலும் புதிதாக மீன் பிடித்து வரச் செய்திருந்தேன். பாயின் கையிலேயே கத்தியைக் கொடுத்தேன். அவர் வாய்க்கால் மீனை அறுத்தார், மஞ்சள் மணி. ஏரி மீனை அறுத்தார், சுத்தம். திரும்பத் திரும்ப அறுத்தார். முனுசாமி ஒரு குஞ்சை இறக்கித் தந்தார், என் முகத்தைப் பாராமல். அதன் தொண்டையில் ஒட்டியிருந்த புழுவைக் கண்ணாடி வெளிச்சத்தில் பாய் குனிந்து பார்த்தார்.

“இது ரயிலில் வாற ஆள் மாதிரி, பாய்,” என்றேன். “நேரே வந்து சேராது. அரக்கோணத்தில் இறங்கி வண்டி மாறுவினமே, அதுபோல மாறி மாறித்தான் வரும். நத்தையில் ஏறி, அங்கேயிருந்து மீனுக்கு மாறி, மீனைத் திண்ட வக்காவின் தொண்டையில் வந்து இறங்கும். உங்கட ஏரியில் நத்தையே இல்லை. அங்கே இது ஏறவே ஏலாது.”

அரக்கோணத்துக்காரருக்கு வண்டி மாறுவதை விளக்கத் தேவையில்லை. அவர் கத்தியைத் துடைத்து என்னிடம் திருப்பித் தந்தார். துப்பாக்கிக்காரர்களிடம், எடுத்து உறையில் போடுங்கள் என்று கையைக் காட்டினார். என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அடுத்த கல் உடனே ஏறியது.

“சரி, வக்கா துன்னல,” என்றார் பாய். “அப்ப என் மீன யாரு துன்னது?”

ராஜம்மா அடுப்படி வாசலில் நின்றாள். முனுசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரவெல்லாம் யோசித்தும் வராத பதில் அப்போது தானாக வந்தது. அது முழு உண்மை அல்ல என்றாலும் உண்மைதான்.

“நான்தான் சாப்பிட்டனான், பாய். வந்த நாளிலிருந்து ஒவ்வொரு நேரமும். நல்ல மீன்.”

துப்பாக்கிக்காரரில் ஒருவர் சிரித்துவிட்டார். பாய் சிரிக்கவில்லை.

“நீங்க வந்தது இந்த வாரம், டீச்சர். மீனு கொறஞ்சது போன மாசம்.”

பிடிவாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அந்த இடத்தில்தான் கண்டேன். ராஜம்மா வாசலிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

“அவங்களுக்குப் பொங்கிப் போட்டது நானு, பாய்.”

முனுசாமி தொண்டையைச் செருமினார். “புடிச்சது நான் தான்,” என்றார். கூட்டத்தில் பின்னாலிருந்து ஒருவர், அவன் ஒருத்தனே அவ்வளவையும் பிடிக்க முடியுமா என்றார். இன்னொருவர், ஏலத்துக்கு முன்னே இது ஊர் ஏரிதானே என்று முணுமுணுத்தார். அவ்வளவுதான். வாரக்கணக்காக ஒரு பறவையின் தலையில் இருந்த பழி, ஒரு நிமிஷத்தில் ஊர் முழுக்கப் பங்கு பிரிந்துவிட்டது.

காதர் பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். அவர் கத்துவார், போலீசைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் களைத்துப்போனவர்போல ஒரு புளி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். பொங்கல் வரைக்கும் ஏரிக்குள் யாரும் இறங்கக்கூடாது என்றார். மீறி இறங்கினால் தாமே போலீசுக்குப் போவதாகவும் சொன்னார். கோடையில் தண்ணீர் வற்றும்போது கடைசி மீன் ஊருக்கு வேண்டும் என்று முனுசாமி கேட்டார். கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு, சரி என்றார் பாய். பிறகு ராஜம்மா பக்கம் திரும்பினார்.

“அடுப்புல இன்னாம்மா?”

“மீனு கொயம்பு தான், பாய்,” என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

“ஊரே துன்னுது. டீச்சர் கடல் தாண்டி வந்து துன்னுறாங்க. ஏலம் எடுத்தவன் நான் ஒருத்தன் தான் இன்னும் துன்னல. எனக்கும் ஒரு எல போடு.”

புளியமரத்தடியில் இலை போட்டாள். துப்பாக்கிக்காரர்களுக்கும் போட்டாள், எனக்கும் போட்டாள். தலைக்குமேல் குஞ்சுகள் இரைச்சல் போட்டபடி இருந்தன. காதர் பாய் துண்டு மீனை எடுத்துப் பிட்டார். உடனே வாயில் வைக்கவில்லை. நான் செய்து காட்டியபடியே, வெயிலுக்கு நேரே தூக்கி, சதையை விலக்கி, முள்ளோரம் வரை ஒவ்வொரு இழையாகப் பார்த்தார்.

“மஞ்சள் இல்ல,” என்றார். “என் மீனு தான்.”